பல் முளைக்கும் குழந்தைகளுக்கான உங்கள் விறைப்பு ஜெல் பற்றிய முறைப்பாடு

யாழ்ப்பாணம்

வாடிக்கையாளர் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

என் மகளுக்கு எட்டு மாதம். போன வாரம் கீழ் முரசு வீங்கி, வீணீர் வடிந்து சட்டை நனைய, இரவிரவாக அழுதாள். பல்லுக்கொழுக்கட்டைக்கென்று அம்மா மாவும் வறுத்து வைத்துவிட்டார். கஸ்தூரியார் வீதியில் ஒரு மருந்துக்கடையில் கேட்டபோது, முரசை விறைக்க வைத்து வலி தெரியாமல் செய்யும், நீங்கள் இறக்குமதி செய்யும் ஜெல்லைத் தந்தார்கள். பெட்டியில் சிரிக்கும் குழந்தையின் படம். அதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

பூசியதும் அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜெல் வீணீரோடு வழிந்துவிடும், பிள்ளை திரும்ப அழும், நானும் திரும்பப் பூசுவேன். விளக்கு வைக்கிற நேரம் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த அம்மா, "சொண்டு ஏன் நாவற்பழம் தின்ற மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். விரல் நகங்களைப் பார்த்தேன். அவையும் சாம்பல் நிறம். மூச்சு வேகமாக வாங்கியது.

ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தம் சொக்லேட் நிறமாக இருந்தது. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "வாயில் என்ன பூசினீர்கள்?" ஜெல்லில் உள்ள பென்சோகெயின் என்ற விறைப்பு மருந்து சிலருக்கு இரத்தத்திலுள்ள இரும்பை மாற்றிவிடுமாம், பிறகு இரத்தத்தால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. மெதமோகுளோபினீமியா என்று எழுதினார். ஒட்சிசனும் மெதிலீன் புளூ ஊசியும் கொடுத்துப் பிள்ளையை மீட்டார்கள்.

விறைப்பு மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியதும் லிடோகெயின் போட்டுத்தான். அங்கே அளவு தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றார். இங்கே அளவு என் விரல் நுனி.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பல் வலிக்கு பென்சோகெயின் பூச வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 இலேயே எச்சரித்திருக்கிறது. உங்கள் பெட்டியின் மடிப்புக்குள் பொடி ஆங்கில எழுத்தில் ஏதோ இருந்தது. போனில் படமெடுத்துப் பெருப்பித்த பிறகுதான் வயது பற்றிய வரியை வாசித்தேன். தமிழில் ஒரு எழுத்தும் இல்லை. சிங்களத்திலும் இல்லை.

இந்த ஜெல்லைக் குழந்தைகளுக்கென்று விற்பதை உடனே நிறுத்துங்கள். கடைகளில் உள்ளதைத் திரும்ப எடுங்கள். மருந்துக்கடைக்காரருக்கும் காரணத்தை எழுத்தில் அறிவியுங்கள். எனக்குத் தந்த தம்பிக்கும் இது தெரிந்திருக்கவில்லை. 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன்.

பற்றுச்சீட்டு, பெட்டியின் படம், ஆஸ்பத்திரி அட்டையின் பிரதி இணைத்துள்ளேன். மீதி ஜெல் என்னிடம்தான் இருக்கிறது. வந்து பார்க்கலாம், திருப்பித் தரமாட்டேன்.

இப்படிக்கு,
பிள்ளையின் தாய்