பொட்டுவை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

எங்கள் கினி பிக் பொட்டு, புல் தின்னும் அந்தச் சின்ன வளர்ப்புப் பிராணி, மறுபடி கத்த ஆரம்பித்துவிட்டாள். இன்று காலை உலர்புல் பையைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் கூண்டுக் கம்பியில் முன்னங்கால்களை வைத்து நின்றுகொண்டு ‘வீக், வீக்’ என்று வீட்டையே எழுப்பினாள். ஐந்து வாரத்துக்கு முன்பும் இதே பையைத்தான் பிரித்தேன். அன்று அவள் மூலையில் முடி சிலிர்த்து உட்கார்ந்திருந்தாள், தலையைக்கூடத் திருப்பவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் உங்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் பொட்டு இன்று இல்லை. நேரில் நன்றி சொன்னேன்தான், மனசு ஆறவில்லை. அதனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

பொட்டுவுக்கு நான்கு வயது. பழுப்பு உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதனால் அந்தப் பெயர். கினி பிக் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இது நோயை மறைக்கும் பிராணி. மற்ற மிருகங்களுக்கு இரையாகிப் பிழைத்த குலம். சோர்ந்துவிட்டது என்று வெளியே தெரிந்தால் உயிர் போய்விடும் என்பது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. அதனால் கடைசிவரை நன்றாக இருப்பதுபோலவே நடமாடும். நமக்குத் தெரியவரும்போது நோய் முற்றியிருக்கும். அன்று சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 848 கிராம். இரண்டு வாரத்துக்கு முன்பு குறித்து வைத்தது 962. தாடைக்குக் கீழே முடி நனைந்து ஒட்டியிருந்தது. புழுக்கை சின்னதாக, வால் முளைத்த துளிபோலக் கிடந்தது. புல்லை வாயில் வாங்குவாள், மெல்லப் பார்ப்பாள், கீழே போட்டுவிடுவாள். சாப்பிட ஆசை இருக்கிறது, முடியவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

முதலில் போன கிளினிக்கைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வாயைத் திறந்து பார்க்கவில்லை, எடை போடவில்லை. ‘சளித் தொற்றாக இருக்கும்’ என்று வாய்வழியாகக் கொடுக்கும் ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாடி வீட்டு அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான். படிக்கட்டில் என் முகத்தைப் பார்த்து ‘என்னாச்சு?’ என்று நின்றீர்கள். மருந்துப் பாட்டிலைக் கையில் வாங்கி, அதில் இருந்த ‘அமாக்ஸிசிலின்’ என்ற பெயரைப் படித்துவிட்டு, ‘இன்னும் கொடுக்கலையே?’ என்றுதான் கேட்டீர்கள். கொடுக்கவில்லை என்றதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். பல வருடங்களுக்கு முன்பு உங்கள் வீட்டு கினி பிக் இதே மருந்தால் மூன்றே நாளில் போனதை அப்போதுதான் சொன்னீர்கள். நமக்கும் நாய்க்கும் சாதாரணமாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இந்தப் பிராணியின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும், அந்த இடத்தில் நச்சு சுரக்கும் பாக்டீரியா பெருகிவிடும், அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம் என்று விளக்கினீர்கள். உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் அதைச் சொல்ல. சொன்னீர்கள், அதனால் பொட்டு பிழைத்தாள்.

அன்று மாலை முழுக்க போன் போட்டுக்கொண்டே இருந்தேன். பல இடங்களில் ‘கொண்டு வாங்க, பார்க்கலாம்’ என்றார்கள். கினி பிக் எத்தனை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். ஒருவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். ‘எனக்கு நாயும் பூனையும்தான் தெரியும். கினி பிக் பல் பிரச்சினையை நான் தொட்டால் தப்பாகிவிடும். ஆனால் யாருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.’ டாக்டர், அந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். தெரியாது என்று சொல்ல உங்களுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. போனை வைத்துவிடாமல், உங்கள் தோழியான டாக்டரிடம் நீங்களே பேசி, மறுநாள் காலை முதல் ஆளாக எங்களைப் பார்க்க ஏற்பாடு செய்தீர்கள். ‘விடியும்வரை பட்டினி போடாதீங்க. இதற்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் நின்றாலே ஆபத்து’ என்று சொல்லி, சத்துத் தூளை எப்படிக் கரைப்பது என்று அந்தத் தோழியிடம் கேட்டு எனக்கு எழுதியும் அனுப்பினீர்கள். ஒரு காசு வாங்கவில்லை. எங்கள் முகம்கூட உங்களுக்குத் தெரியாது.

மறுநாள் பார்த்த டாக்டருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. உள்ளே போனதும் முதல் வேலையாக மேசையில் ஒரு துண்டை விரித்தீர்கள், வழுக்கினால் பயந்துவிடும் என்று. பொட்டு உங்கள் கையை முகர்ந்து முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். அப்புறம் எடை. அப்புறம் கேள்விகள்: புல் எவ்வளவு தின்பாள், உருண்டைத் தீவனப் பை எப்போது பிரித்தது, சிறுநீர் போகும்போது கத்துகிறாளா. இவருக்குத் தெரியும் என்று அந்தக் கேள்விகளிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாளாக இறுகிப் போயிருந்த தோள்பட்டை அப்போதுதான் இளகியது.

காது பார்க்கும் விளக்குக் குழாயை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னீர்கள். கினி பிக்கின் 20 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும் என்று படித்திருக்கிறேன். வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் உள்பக்கமாகச் சாய்ந்து, நாக்குக்கு மேலே பாலம்போல வளைந்திருந்தன. நாக்கு அதற்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. விழுங்கத்தான் முடியவில்லை அவளால். முன்பல் அழகாக இருந்ததால் நான் சந்தேகப்படவே இல்லை.

தலைக்கு எக்ஸ்ரே எடுத்து வேரில் சீழ் இல்லை என்று உறுதி செய்தீர்கள். மயக்க மருந்துக்கு முன்னால் பட்டினி போட வேண்டுமா என்று கேட்டதற்கு, இதற்கு வாந்தி எடுக்க வராது, வாயில் ஒதுங்கிய தீனியைக் கழுவி எடுத்தால் போதும் என்றீர்கள். பல்லை ராவி முடிக்கும்வரை உடம்பு சூடு குறையாமல் வெந்நீர்ப் பையைப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். அப்புறம் வலி மருந்து, தோலுக்கடியில் நீர் ஏற்றியது, எல்லாவற்றையும் ஏன் செய்கிறீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் செய்தீர்கள். முழங்கால் மூட்டு லேசாக வீங்கியிருந்ததையும், அது வைட்டமின் சி குறைவால் என்பதையும் நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். மனிதர்களைப் போலவே கினி பிக்குக்கும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்க முடியாது. தீவனப் பையில் சேர்த்திருப்பது நாளாக ஆக வீரியம் இழந்துவிடும். எங்கள் பை பிரித்து ஐந்து மாதம். நான் தலையைக் குனிந்துகொண்டபோது, ‘தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பீங்க, இப்போ தெரிஞ்சுடுச்சு’ என்றீர்கள். வீட்டுக்கு வந்தபிறகுதான் அழுதேன்.

அங்கே உதவியாளராக இருந்த தம்பி, உன்னை விட்டுவிட மாட்டேன். ஊசியில்லாத சிரிஞ்சால் எப்படி ஊட்டுவது என்று மூன்று முறை செய்து காட்டினாய். என் மடியில் துண்டைச் சுற்றி அவளை உட்காரவைத்தாய். நேராக விடக்கூடாது, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, அரை மில்லி விட்டு நிறுத்த வேண்டும். மென்று விழுங்கியபிறகுதான் அடுத்தது. ‘தாடை அசையறதைப் பாருங்கக்கா, அதுதான் கணக்கு’ என்றாய். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பதினோரு நாளும் ஊட்டினேன். ஒரு நாளைக்கு 60 மில்லி, ஆறு வேளையாக. இரவு இரண்டு மணி வேளையை என் தங்கை எடுத்துக்கொண்டாள். காலையில் வேலைக்குப் போகிறவள், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அவளுக்கும் இந்தக் கடிதத்தில் இடம் உண்டு.

ஐந்தாம் நாள் எடை 831-க்கு இறங்கியது. பயந்துபோய் இரவு ஒன்பது மணிக்கு போன் செய்தேன். டாக்டர், நீங்கள் எடையைக் கேட்கவில்லை. ‘புழுக்கை எப்படி இருக்கு?’ என்றீர்கள். பெரிதாக, உருண்டையாக, நிறைய என்றேன். ‘அப்போ குடல் ஓடுது, எடை பின்னாலேயே வரும்’ என்றீர்கள். எட்டாம் நாள் ஒரு புல் நுனியைத் தானாகக் கடித்து உள்ளே இழுத்தாள். மெல்லிய ‘கரக் கரக்’ சத்தம். தங்கையும் நானும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கினி பிக் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரைத் தேடி வையுங்கள். வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதுங்கள். டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: கினி பிக்குக்கு எந்த மருந்து ஆகாது, கடைவாய்ப் பல்லை எப்படிப் பார்ப்பீர்கள். தெரிந்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். தெரியாது என்று சொல்பவரும் நல்லவர்தான், அவரிடமே அடுத்த வழியைக் கேளுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

பொட்டுவின் பல் மறுபடி வளரும், சில வாரங்களுக்கு ஒருமுறை பார்த்து ராவ வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். சரி, வருகிறோம். அடுத்த முறை வரும்போது எடை நோட்டையும் கொண்டு வருகிறேன். இன்று காலை எழுதியது 921.

என்றும் அன்புடன்,
பொட்டு வீட்டார்