இரு ஓரமும் வெட்டப்பட்ட 'டிரங்கன் மாஸ்டர்' படம்: வாடகைப் பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

போன சனிக்கிழமை உங்கள் ஆப்பில் 'டிரங்கன் மாஸ்டர்' (1978) என்ற ஹாங்காங் படத்தை 120 ரூபாய் கட்டி வாடகைக்கு எடுத்தேன். 'ஒரிஜினல் வடிவம், கான்டனீஸ் ஒலி' (ஹாங்காங்கில் பேசும் சீன மொழி) என்று விவரப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். இரண்டுமே இல்லை.

படம் எடுக்கப்பட்டது ஸ்கோப் என்ற அகலத்திரை வடிவத்தில், அதாவது உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம். டிவி திரை நிறைய வேண்டும் என்பதற்காக இரு பக்கமும் நறுக்கியிருக்கிறீர்கள். அகலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு காணோம். வசனப் படமென்றால் சகித்துக்கொள்ளலாம். இது யூன் வூ-பிங் இயக்கிய சண்டைப் படம் (பின்னால் 'மேட்ரிக்ஸ்' சண்டைகளை அமைத்தவர் அவர்தான்). ஒரு ஓரத்தில் ஜாக்கி சான் தள்ளாட, மறு ஓரத்திலிருந்து வில்லன் ஹ்வாங் ஜாங்-லீயின் கால் பாயும். இரண்டும் ஒரே ஷாட்டில் தெரிந்தால்தான் ரசிக்க முடியும். உங்கள் பிரதியில் கால் வெளியே போய்விட்டது, ஜாக்கி சும்மா விழுகிறார். தலைகீழாகத் தொங்கியபடி கீழே உள்ள தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தால் மொண்டு மேலே ஊற்றும் பயிற்சி மட்டும் தப்பித்தது, ஆள் நடுவில் தொங்குவதால்.

கடைசிச் சண்டைதான் ரொம்ப மோசம். குடிகாரனைப் போல் தள்ளாடிப் போடும் சண்டைமுறையில், சீனப் புராணத்து எட்டு சிரஞ்சீவிகளின் பெயரில் எட்டுப் பாணிகள். அவற்றில் ஏழு மட்டும் கற்றுக்கொண்டு, எட்டுப் பேரில் ஒருத்தியான ஹோ என்ற பெண்ணின் பாணியைப் 'பொம்பளை ஆட்டம்' என்று தலைக்கனத்தில் ஒதுக்கியவன் நாயகன் வோங் ஃபெய்-ஹுங். உயிர் போகும் நேரத்தில் அதுவே தேவைப்பட, அங்கேயே ஒன்றை இட்டுக்கட்டுவான். இடுப்பை வளைத்து, கையை நீட்டி அவன் செய்யும் அந்தக் கூத்தில் பாதி நேரம் கை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது.

ஒலியில் ஆங்கில டப்பிங் மட்டுமே இருக்கிறது. அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் கான்டனீஸ் குரலும் பின்னால் சேர்த்ததுதான், தெரியும். ஆனாலும் நீங்கள் தருவதாகச் சொன்னது அதைத்தானே?

உங்களிடம் முழு அகலப் பிரதி இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். அதே பக்கத்தில் உள்ள டிரெய்லர் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு முழுசாக ஓடுகிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்.

சரியான பிரதியைப் போடுங்கள். இல்லையென்றால் 120 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விவரப் பக்கத்தையும் திருத்துங்கள். அப்புறம், 'டிவி செட்டிங்கை மாற்றிப் பாருங்கள்' என்ற பதில் மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே வந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்