பெயிண்ட் பூசும் முன் அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசிமேட்டில் முப்பது வருடமாக மர விசைப்படகுகளுக்கு அடிப்பலகை மாற்றும் வேலை செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத வேலை.

படகைக் கரையேற்றி, ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டியதும் சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல மரம் ணங்கென்று கேட்கும். கெட்ட இடத்தில் பொத்தென்று சத்தம் அடங்கிவிடும். கப்பல்புழு நுழையும் துளை குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். உள்ளே விரல் போகிற அளவுக்குக் குடைந்திருக்கும். படகின் அடியில் முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் ஏராக் கட்டையை ஒட்டிய முதல் பலகையையும், துருப்பிடித்த ஆணியைச் சுற்றிக் கறுத்த இடங்களையும் இரண்டு தடவை தட்டுவேன்.

மாற்றுவதிலும் அவசரம் ஆகாது. எல்லாப் பலகையையும் ஒரே மூச்சில் கழற்றினால் படகின் உருவமே கோணிப்போகும். அடுத்தடுத்த பலகைகளின் மூட்டு ஒரே வங்கில், அதாவது பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு போன்ற ஒரே கட்டையில், விழக்கூடாது. சந்தில் பஞ்சுத் திரியை இறுக்கி அடைக்கும் கலப்பத்து வேலையை முடித்து, படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகும், இரண்டு நாள் துறைமுகத்திலேயே நிறுத்த வேண்டும். காய்ந்த மரம் தண்ணீரில் ஊறி உப்பினால்தான் சந்து இறுகும்.

இப்போது சிலர் செலவுக்குப் பயந்து உளுத்த பலகை மேலேயே ஃபைபர் பூசச் சொல்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு படகுக்கு நான் முடியாது என்றேன். வேறு ஆள் வந்து பூசிவிட்டுப் போனார். அடுத்த தடைக்காலத்தில் அதைப் பிரித்தது நான்தான். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மரம் களியாகக் கிடந்தது. ஆணிகள் விரலால் இழுத்தாலே வந்தன. அந்தப் படகில்தான் எட்டுப் பேர் அவ்வளவு நாளும் கடலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தடைக்காலத்தில் மீன்வளத் துறையினர் படகுகளை நேரில் ஆய்வு செய்கிறார்கள். படகு கரையில் இருக்கும்போதே, பெயிண்ட் பூசும் முன் அடிப்பலகையையும் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். அரை மணி நேர வேலைதான். கூட வந்து தட்டிக் காட்ட நான் தயார், கூலி வேண்டாம். படகு உரிமையாளர்களுக்கும் ஒன்று: பணம் போதவில்லையென்றால், தட்டிப் பார்த்ததில் மோசமாக இருக்கும் பலகைகளை மட்டுமாவது இந்த வருடம் மாற்றிவிடுங்கள்.

– ஒரு படகுத் தச்சர், காசிமேடு, சென்னை