தாத்தாவின் பிக்கப்

அன்பு மகளுக்கு,

நேற்று தாத்தாவின் பிக்கப் வண்டி யாரும் தள்ளாமல் தானாகவே கொட்டகையை விட்டு வெளியே வந்தது. எஞ்சின் சத்தம் அப்படியே பழைய சத்தம். நீ கேட்டிருக்க வேண்டும்.

வண்டியைப் பழுது பார்க்கிறேன் என்றதும், "எதையும் மாத்திடாதீங்கப்பா, தாத்தா வெச்சிருந்த மாதிரியே இருக்கணும்" என்று போனில் சொன்னாய். பாதிக்கு மேல் உன் பேச்சைக் கேட்டேன். சிலவற்றில் கேட்கவில்லை. அதற்கான காரணம் போனில் சொல்ல வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது உனக்கு ஆறு வயது. எனக்கும் தாத்தாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். ஒரு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தொளதொளவென்று தரையோடு போய்விட்டது. முன்சக்கரத்து ஹோஸ் ஒன்று வெடித்திருந்தது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; அந்தக் காலத்தில் அதில் ஒரே அறைதான். நான்கு சக்கரத்துக்கும் அங்கிருந்துதான் பிரேக் ஆயில் போகும். ஓர் இடத்தில் பீய்ச்சினால் நான்கும் போச்சு. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். அத்தனை நேரமும் தாத்தா தன் கையை உன் மார்புக்குக் குறுக்கே வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். விளையாட்டு என்று நினைத்து நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆகவே முதல் வேலை பிரேக். முன்பக்கம் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டாயிற்று. மாஸ்டர் சிலிண்டர் இப்போது இரண்டு அறை. முன்னால் ஒழுகினாலும் பின்னால் பிடிக்கும். துருப்பிடித்த குழாய்கள் எல்லாம் புதிது.

அடுத்தது சீட் பெல்ட். தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்துப் போடும் பெல்ட்டை 1959-லேயே வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் கொண்டுவந்துவிட்டார். மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று அந்தக் கம்பெனி காப்புரிமையைத் திறந்தே விட்டது. நம் வண்டிக்குத்தான் அது வந்து சேரவில்லை. பழைய தகரத் தரையில் வெறும் போல்ட்டை முடுக்கினால் இழுப்பில் தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். அதனால் அடியில் கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னேன். மிதியடியைத் தூக்கிப் பார்த்தபோது ஸ்க்ரூடிரைவர் தரையில் பொத்தென்று இறங்கியது, அவ்வளவு துரு. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு போட்டிருக்கிறோம்.

ஒயரிங்கைத் தொட்டால் துணியுறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதையும் மாற்றினோம். 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். இனி வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடினாலும் விளக்கு மங்காது.

எஞ்சினை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வைக்கலாம், நன்றாகவே ஓடும் என்றார் மெக்கானிக். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சோக்கை இழுத்து, காது கொடுத்துக் கேட்டு, மெல்ல உள்ளே தள்ளுவதைத் தாத்தா உனக்குக் கற்றுக்கொடுத்தாரே, அது போய்விடும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டிவிட்டோம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பி நைந்துவிடும். அவற்றை மட்டும் மாற்றினோம்.

இனி உன்னிடம் ஒரு கேள்வி. ஓட்டுநர் பக்கக் கதவில், ஜன்னல் விளிம்பில் தாத்தா முழங்கை வைக்கும் இடம் இருக்கிறதே, அங்கே பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கிறது. கிட்டே குனிந்து பார்த்தேன். இரும்பைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம், அதைச் சுற்றி நீலம். நீ பிறந்ததிலிருந்து பார்த்தது நீல வண்டி. தாத்தா வாங்கியது பச்சை வண்டி. தாத்தா வைத்திருந்த மாதிரி என்றாயே, அது எந்த நிறம்?

எது சொன்னாலும் சரி, அந்த முழங்கை இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அங்கே மட்டும் அவ்வப்போது நானே மெழுகு தேய்த்துக்கொள்கிறேன்.

வண்டி இப்போது சாம்பல் நிறப் பிரைமர் அடிப்பூச்சோடு நிற்கிறது. பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அடியில் மறுபடியும் துரு ஏறும். மழைக்கு முன் பதில் போடு. நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

அன்புடன்,
அப்பா