மதன்மோகனுக்கு ஒரே ஒரு குரல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பழைய இந்திப் பாடல்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாகப் படித்தேன். இரண்டாம் முறை, இந்தி இசையமைப்பாளர் மதன்மோகனைப் பற்றிய அந்த வரி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் படித்தேன். இருக்கிறது. "லதா இல்லையென்றால் மதன்மோகன் இல்லை." கொட்டை எழுத்தில், கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள்.

லதா மங்கேஷ்கர் மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. மதன்மோகனின் இசையில் அவர் இருநூறு பாடல்களுக்கு மேல் பாடியிருக்கிறார். 'அன்பட்' படத்தின் இரண்டு கஜல்களையும் அவரைத் தவிர வேறு யார் பாடியும் என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் மதன்மோகன் தனியாக இசையமைத்த முதல் படமான 'ஆங்க்கே'யில் (1950) லதா பாடவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் படத்தில் மீனா கபூர் பாடிய 'மோரி அடரியா பே காகா போலே' இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. லதா அவருக்குப் பாட வந்தது அடுத்த வருடம், 'அதா' படத்தில்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 'வோ கௌன் தீ' (1964) தமிழில் 'யார் நீ?' (1966) என்று வந்தது. 'நானே வருவேன்', 'பொன்மேனி தழுவாமல்' இரண்டும் மதன்மோகனின் மெட்டுகள். பாடியவர் பி. சுசீலா. அறுபது வருடமாக ராத்திரி வேளையில் 'நானே வருவேன்' கேட்டு உடம்பு சிலிர்த்தவர்கள் யாரும் லதா குரலைக் கேட்டுச் சிலிர்க்கவில்லை. அந்தச் சிலிர்ப்பு மெட்டில் இருக்கிறது. இந்தியில் அதே பாட்டைப் படம் பிடித்தபோது லதாவின் ஒலிப்பதிவு தயாராக இல்லை. மதன்மோகனே பாடிக் கொடுத்த பதிவுக்குத்தான் நடிகை சாதனா வாயசைத்தார். லதா பிறகு வந்து பாடினார். அந்தக் கட்டுரையாளர் இதையெல்லாம் கேள்விப்பட்டதே இல்லையா?

'யார் நீ?' பாட்டைப் பற்றி இன்னொரு மனக்குறையும் உண்டு. ஒலிபரப்பும்போதெல்லாம் 'இசை: வேதா' என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். வேதா மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் மெட்டுக்குச் சொந்தக்காரரின் பெயரை ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று நினைக்கலாம். 1966இல், பத்தொன்பது வயதில், மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கேசட் வந்து கடையை மூடும் வரை அங்கேதான் இருந்தேன். இந்தித் தட்டுகளைப் பாடகர் பெயர் வாரியாகத்தான் அடுக்கி வைப்பார்கள். நான் ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து, மதன்மோகன், ரோஷன், சலில் சௌத்ரி என்று இசையமைப்பாளருக்கு ஒரு பெட்டியாகப் பிரித்து வைத்தேன். மறுநாள் காலையில் முதலாளி, "இவங்க பேரச் சொல்லி எவன்டா வந்து கேக்கறான்?" என்று எல்லோர் முன்னாலும் திட்டி, பழையபடி அடுக்க வைத்தார். உங்கள் கட்டுரையைப் படித்தபோது அந்தக் காலை வேளைதான் ஞாபகம் வந்தது.

பாடகர் தலத் மஹ்மூத் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் அவர் பெயரே இல்லை. 'ஜஹான் ஆரா' (1964) எடுத்த சமயத்தில் தலத்துக்கு மார்க்கெட் போய்விட்டது. எல்லாப் பாட்டையும் ரஃபிக்கே கொடுக்கலாம் என்றார்கள். தலத்தான் பாட வேண்டும் என்று மதன்மோகன் பிடிவாதமாக நின்றார். 'ஃபிர் வஹி ஷாம்' அப்படித்தான் கிடைத்தது. லக்னோ வானொலியில் வேலை பார்த்த நாளிலிருந்தே அவருக்குத் தலத்தைத் தெரியும். அந்தக் குரலில் இருக்கும் நடுக்கம் எந்த மெட்டில் அழகாக நிற்கும் என்றும் தெரியும். படம் ஓடவில்லை. ஆனால் அந்தத் தட்டை என் கடையில் ஒரு வயதான மனிதர் தேய்த்துத் தேய்த்து மூன்று முறை வாங்கிப் போனார். அதே படத்தில் ரஃபிக்கும் பாட்டு உண்டு, சுமன் கல்யாண்பூருக்கும் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துப் பங்கு வைத்த மனிதர் அவர்.

'ஹகீகத்'தில் ஒரே பாட்டுக்கு ரஃபி, தலத், மன்னா டே, பூபிந்தர் என்று நான்கு பேரைப் பாட வைத்தார். பூபிந்தருக்கு சினிமாவில் அதுதான் முதல் பாட்டு. போர்முனையில் உட்கார்ந்து வீட்டை நினைக்கும் சிப்பாய்களுக்கு ஒரே குரல் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தானே. அப்புறம் 'மேரா சாயா' (1966). அதில் லதாவின் 'தூ ஜஹான் ஜஹான் சலேகா'வும் இருக்கிறது, ஆஷாவின் 'ஜும்கா கிரா ரே'யும் இருக்கிறது. பின்னதை லதாவுக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பாட்டில் வரும் பரேலி கடைத்தெரு இவ்வளவு பிரபலமாகியிருக்குமா?

நம் ஏவி.எம். எடுத்த 'பாய் பாய்' (1956) படத்தில் கீதா தத் பாடிய 'ஏ தில் முஜே பதா தே', அதே ஏவி.எம்.மின் 'மன்மௌஜி'யில் கிஷோர் பாடிய 'ஜரூரத் ஹை' இரண்டையும்கூடத் தமிழ்ப் பத்திரிகை மறந்துவிடுவதா? நம் ஸ்டுடியோக்காரர்கள் கேட்டு வாங்கிய பாட்டுகள் ஐயா அவை.

மூன்று வருடங்களுக்கு முன் உங்கள் பத்திரிகை வெளியிட்ட 'மறக்க முடியாத குரல்கள்' பட்டியலில் தலத்தும் இல்லை, கீதா தத்தும் இல்லை. அப்போதும் எழுதினேன், பிரசுரிக்கவில்லை. எங்கள் பகுதி மெல்லிசைக் குழுவிடம் போன மாதம் தலத் பாட்டு ஒன்று கேட்டேன். "சார், கூட்டம் எழுந்து போயிடும்" என்றார்கள். சரி, அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. நீங்களும் அதையே சொல்லலாமா?

மதன்மோகன் 1975 ஜூலையில், 51 வயதில் இறந்துபோனார். அத்தனை பாட்டுக்கும் ஒரு ஃபிலிம்ஃபேர் விருதுகூட அவர் வாழ்நாளில் கிடைக்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் 'யார் நீ?' மெட்டுகள் மதன்மோகனுடையவை என்றும், அவருக்கு லதாவைத் தவிரவும் பலர் பாடினார்கள் என்றும் இரண்டு வரி போடுங்கள். வாராவாரம் வெளியிடும் பழைய பாட்டுப் பகுதியில் பாடியவர் பெயருக்குக் கீழே இசையமைப்பாளர் பெயரையும் அச்சிடுங்கள். ஒரு வரி இடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
முப்பத்தாறு வருட சந்தாதாரர்,
திருவல்லிக்கேணி