சிமுலேஷனையும் சோதனையையும் ஒரே மாணவர் கையில் கொடுங்கள்

இயந்திரவியல், வாகனப் பொறியியல் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வாகன பாகங்களைக் கணினியில் சிமுலேஷன் செய்து பார்ப்பதும், அதே பாகங்களை ரிக்கில் (சுமை கொடுத்துச் சோதிக்கும் அமைப்பில்) ஏற்றி உடையும்வரை சோதிப்பதும் எங்கள் தொழில். உங்கள் மாணவர்கள் இந்த வேலைகளுக்கு ஆர்வத்தோடு வருகிறார்கள். பலரிடம் ஏதாவதொரு மென்பொருளுக்கான பயிற்சிச் சான்றிதழும் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய புராஜெக்டில் தகைவை, அதாவது பாகத்தின் ஒரு பரப்பலகில் விழும் விசையை, நிறத்தால் காட்டும் வண்ணப்படத்தையே காட்டி, “இந்த இடம் ஏன் சிவப்பாக இருக்கிறது?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. இதை மாணவர்களின் குறையாக நாங்கள் பார்க்கவில்லை. சிமுலேஷன் ஒரு பருவத்திலும் அளவீட்டு ஆய்வகம் வேறொரு பருவத்திலும், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் நடக்கின்றன. ஒரே பாகத்தின்மேல் இரண்டையும் ஒரே மாணவர் செய்ய வழி செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்தச் சிவப்புக்கு வருவோம். உள்மூலை ஒன்றை ஆரமே இல்லாமல் கூராக வரைந்துவிட்டால், மெஷ்ஷை (கணக்கிடுவதற்காகப் பாகத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) சிறிதாக்கச் சிறிதாக்க அங்கே தகைவு ஏறிக்கொண்டே போகும். எந்த எண்ணிலும் நிற்காது. அது பாகத்தின் பலவீனம் அல்ல, மாதிரியின் குறை. உண்மையான வளைவு ஆரத்தை வரைந்து, மெஷ் அளவைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டி, எண் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த எண்ணைப் பற்றிப் பேசவே முடியும்.

அலகுகளிலும் இதே கதை. மி.மீ., நியூட்டன், டன் என்று மாதிரியை அமைத்தால் எஃகின் அடர்த்தி ஒரு கன மி.மீ.க்கு 7.85×10⁻⁹ டன். அந்த இடத்தில் கன மீட்டருக்குக் கிலோகிராம் கணக்கில் 7850 என்று போட்டுவிட்டால், விசை மட்டும் கொடுத்த நிலைப் பகுப்பாய்வில் எதுவுமே தெரியாது, ஏனென்றால் அங்கே அடர்த்திக்கு வேலையே இல்லை. அதே மாதிரியில் இயல் அதிர்வெண்ணைக் கேட்டால் பத்து லட்சம் மடங்கு குறைவாக வரும். எதிர்விசைகளின் கூட்டுத்தொகை நாம் கொடுத்த சுமைக்குச் சமமாக வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்தப் பழக்கம் உள்ளவரை நேர்காணலில் உடனே அடையாளம் கண்டுகொள்வோம். போல்ட் துளையின் பரப்பு முழுவதையும் அசையாமல் கட்டிவிட்டு, ரிக்கில் பாகம் ஏன் கூடுதலாக வளைகிறது என்று திகைப்பவர்களும் உண்டு. பாகத்தைத் தாங்கும் ஃபிக்ஸ்சரும் சேர்ந்து வளையும் என்பது ஸ்பேனரைப் பிடித்து முடுக்கிய கைக்குத்தான் தெரியும்.

இனி சோதனைப் பக்கம். பாகம் எவ்வளவு நீள்கிறது என்பதைத் தன் மின்தடை மாற்றத்தால் காட்டும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒன்றை ஒட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெயின்ட்டை நீக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, 320, அடுத்து 400 என்ற எண்ணுள்ள உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். மறுபடி துடைக்கும்போது ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சை எடுக்க வேண்டும். பழைய பஞ்சு அழுக்கைத் திருப்பிப் பூசிவிடும். சயனோஅக்ரிலேட் பசை வைத்தபின் கட்டைவிரலால் ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். கேஜுக்கும் உலோகத்துக்கும் இடையே காப்புத் தடை 1000 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் ஈரமோ அழுக்கோ உள்ளே இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இவ்வளவு கவனம் ஏன்? எஃகில் 1000 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம்) என்பது ஒரே திசை இழுவையில் சுமார் 210 மெகாபாஸ்கல். கேஜ் காரணி (நீள மாற்ற விகிதத்தைப் போல் தடை மாற்ற விகிதம் எத்தனை மடங்கு என்பது) 2 என்றால், 120 ஓம் கேஜில் அதற்குரிய மாற்றம் வெறும் 0.24 ஓம். கேஜை இரண்டு வயரில் இணைத்து, அந்த வயர்களின் தடை 1 ஓம் என்று வையுங்கள். வயர் 10 டிகிரி செல்சியஸ் சூடானாலே சுமார் 160 மைக்ரோஸ்ட்ரெயின் பொய்யாகக் காட்டும். மூன்று வயர் இணைப்பில் இந்தப் பிழை ஏறக்குறைய முழுவதும் கழிந்துவிடும். கேஜ் தன் நீளம் முழுவதற்குமான சராசரியைத்தான் சொல்லும் என்பதும் முக்கியம். சிறிய வளைவில் நீளமான கேஜை ஒட்டினால் உச்சம் பதிவாகாது. மாணவர் சிமுலேஷன் தப்பு என்று எழுதிவிடுவார்.

எண்ணில் சிறு பிழை, ஆயுளில் பெரும் பிழை. களைப்பு வரைகோட்டின் (எந்தத் தகைவில் எத்தனை சுமைச் சுழற்சிகளில் பாகம் உடையும் என்று காட்டும் கோட்டின்) அடுக்கு 5 என்றால், தகைவு 10 சதவீதம் கூடும்போது ஆயுள் சுமார் 38 சதவீதம் குறையும். எத்தனை பாகங்களைச் சோதிக்க வேண்டும் என்பதையும் கற்பியுங்கள். 90 சதவீத நம்பகத்தன்மையை 90 சதவீத உறுதியோடு காட்ட, ஒன்றுகூடத் தோற்காமல் 22 பாகங்கள் முழு ஆயுளையும் தாங்க வேண்டும். ஒரு பாகம் தாங்கியது, எனவே வடிவமைப்பு சரி என்று முடியும் புராஜெக்ட் அறிக்கைகளுக்குத் தயவுசெய்து முழு மதிப்பெண் போடாதீர்கள்.

கட்டுப்பாட்டு அலகுகளை ஹார்ட்வேர்-இன்-த-லூப் முறையில் (உண்மையான அலகைக் கணினி உருவாக்கும் வாகனத்தோடு இணைத்து) சோதிக்கும் வேலைகளுக்கு மின்னணுவியல் மாணவர்களும் பொருத்தமானவர்கள். அவர்களுக்கு கேன் பஸ் (வாகன அலகுகள் தகவல் பரிமாறும் இணைப்பு), ஐஎஸ்ஓ 26262 (வாகன மின்னணுவியலின் செயல்பாட்டுப் பாதுகாப்புத் தரநிலை) ஆகியவற்றின் அடிப்படையும், சென்சார் வயர் அறுந்தால், தரையோடு இணைந்தால், பேட்டரியோடு இணைந்தால் என்று மூன்று பழுதுகளையும் செயற்கையாக உண்டாக்கிப் பார்த்த அனுபவமும் போதும்.

வேலையின் தன்மையையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிமுலேஷனில் சேர்பவர் தொடக்கத்தில் பெரும்பாலும் மெஷ்ஷைத்தான் திருத்துவார்; சோதனையில் சேர்பவர் வயர் இழுப்பார், ஃபிக்ஸ்சர் முடுக்குவார். மென்பொருளின் பொத்தான்களை மட்டும் கற்றவர் மெஷ்ஷிலேயே தங்கிவிடுகிறார். கணிப்பும் அளவீடும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடிச் சொல்லத் தெரிந்தவருக்கு இரண்டு பக்கமும் கதவு திறக்கும்.

நாங்கள் கேட்பது பெரிய முதலீடு அல்ல. ஹைட்ராலிக் ரிக் வேண்டாம். ஓர் எஃகு பிராக்கெட், எடைக்கற்கள், சில கேஜுகள், கேஜின் சிறு தடை மாற்றத்தை அளக்கக்கூடிய சிக்னலாகப் பெருக்கும் ஒரு பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபையர் போதும். மூன்று இடங்களில் வரப்போகும் ஸ்ட்ரெயினை மாணவர் முன்கூட்டியே எழுதி, கையெழுத்திட்டு ஒப்படைக்கட்டும். அதன் பிறகே கேஜ் ஒட்டி அளக்கட்டும். எண்கள் ஒத்துப்போனதற்கு மதிப்பெண் வைத்தால் அளவீட்டைக் கணிப்புக்கு ஏற்ப வளைக்கத் தோன்றும். எனவே வேறுபாட்டுக்கான விளக்கத்துக்கு மதிப்பெண் வையுங்கள். அந்த மதிப்பீட்டில் ஆய்வக டெக்னீஷியனுக்கும் பங்கு கொடுங்கள், கேஜ் சரியாக ஒட்டியிருக்கிறதா என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இதைச் சேர்க்க முன்வரும் துறைகளுக்குச் செய்முறைக் குறிப்பையும் மதிப்பீட்டுப் படிவத்தையும் நாங்களே தயாரித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
வாகன பாக சிமுலேஷன், சோதனைப் பொறியாளர்கள்