கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கட்டும், சீட் எவ்வளவு உயரம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். பழைய எஸ்யூவி வாங்குவது பற்றிச் சமீபத்தில் வந்த கட்டுரையும் உபயோகமாகத்தான் இருந்தது. ஓடிய கிலோமீட்டரை எப்படிச் சரிபார்ப்பது, ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் என்ன செய்வது, எல்லாம் சரி. ஆனால் வயதானவர்கள், முட்டி வலிக்காரர்கள் இருக்கும் வீட்டுக்கு எஸ்யூவிதான் வசதி, குனிந்து ஏற வேண்டியதில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். குனிய வேண்டாம், சரி. ஏற வேண்டுமே ஐயா! அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வரியை நம்பி லட்சக்கணக்கில் பணம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பலம் குறைந்துவிட்டன. கைத்தடியை ஊன்றி நாலு எட்டு வைப்பார், அதற்கு மேல் வீல்சேர்தான். எனக்கோ வண்டி ஓட்டுவது என்றால் உயிர். பொள்ளாச்சியில் இருந்துகொண்டு ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளைச் சும்மா விட்டுவிட மனசு வருமா? அம்மாவுக்கும் முன் சீட்டில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வருவதென்றால் கொள்ளை ஆசை. ஆக அம்மா ஏறவும் முடிய வேண்டும், எனக்கு ஓட்டவும் சுகமாக இருக்க வேண்டும், கையில் இருக்கும் பணமோ பழைய வண்டிக்குத்தான் காணும். உடம்பு முடியாதவர் இருக்கும் வீட்டில் ஓட்டும் சுகம் ஒரு கேடா என்று சொந்தத்திலேயே கேட்டார்கள். ஓட்டப் பிடிக்காத வண்டி ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் போய் வரும், அம்மாவும் ஆஸ்பத்திரியை மட்டும்தான் பார்ப்பார் என்று சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் எழுதும் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது வண்டியின் அடிவயிற்றில் மிகவும் தாழ்ந்திருக்கும் இடத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. பிரெஸ்ஸாவுக்கு 198 மி.மீ., பழைய டஸ்ட்டருக்கு 205, பழைய நெக்ஸானுக்கு 209 என்று போடுகிறீர்கள். வேகத்தடையில் அடிபடுமா என்பதற்கு அது பதில் சொல்லும், அம்மா உட்கார முடியுமா என்பதற்குச் சொல்லாது. ஸ்கார்பியோ, பொலீரோ மாதிரி வண்டிகளில் கனமான இரும்புச் சட்டத்தின் மேல் தனியாக பாடியை உட்கார வைத்திருப்பார்கள், அதனால் தரைத்தளமே உயர்ந்துவிடும், சீட் அதற்கும் மேலே. கிரெட்டா, டஸ்ட்டர், ஈக்கோஸ்போர்ட் போன்றவற்றில் பாடியும் சட்டமும் ஒன்றுதான் என்பதால் தளம் அவ்வளவு ஏறாது. பார்வைக்கு இரண்டு வகையும் எஸ்யூவிதான், ஆனால் முட்டியை மடக்க முடியாதவருக்கு ஒன்றில் உட்காரலாம், இன்னொன்றில் ஏறவே ஆள் தூக்கிவிட வேண்டும்.

ரொம்பத் தாழ்வாக இருந்தாலும் தொல்லை. காரில் உட்கார்ந்துவிடுவார்கள், எழுந்திருக்கும்போதுதான் தெரியும். வீட்டில் எந்தக் கட்டிலில் இருந்து சிரமமில்லாமல் எழுகிறாரோ அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், வண்டியின் சீட் அதைவிடக் கொஞ்சம் உயரமாக, அவர் நிற்கும்போது பின்பக்கம் சீட்டின் விளிம்பில் படும்படி இருந்தால் போதும். முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்க வேண்டும், அதனால் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த ஓரப் பட்டை அகலமாக இருந்தால் சிரமம். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, முட்டி டேஷ்போர்டில் இடிக்கிறதா, முன் கண்ணாடியின் ஓரத்துத் தூண் சாய்ந்து வந்து தலையில் தட்டுகிறதா, இதையும் பார்க்க வேண்டும். சைடு ஸ்டெப் மாட்டினால் தீர்ந்துவிடும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். படியேற முடிந்தவருக்கு அது உதவும். பின்பக்கமாக உட்காருகிறவருக்கோ அந்தப் படி காலை வண்டியிலிருந்து தள்ளி நிறுத்திவிடும், சீட் இன்னும் தூரமாகும்.

எந்தப் பக்கம் பலம் குறைவு என்பது இதைவிட முக்கியம், இதை யாருமே எழுதுவதில்லை. இடது முன் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றால் வண்டியின் முன்பக்கம் நமக்கு வலது கைப் பக்கம் வரும். கதவும் வலது கைப் பக்கம், முதலில் உள்ளே போவதும் வலது கால். அம்மாவுக்கு இது அமைப்பாக இருக்கிறது: வலது கையால் கதவின் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொள்வார் (கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவு ஆடாமல் ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்), வலது கால் போனதும் இடது காலை நான் தூக்கி வைப்பேன். வலது பக்கம் பலம் குறைந்தவருக்கு இதே சீட் தலைகீழ். அவருக்கு டிரைவருக்குப் பின்னால் உள்ள வலது கதவுதான் தோது, ஆனால் அது ரோட்டுப் பக்கம், பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும் இடம், காம்பவுண்டுக்குள் நிறுத்தித்தான் இறக்க வேண்டும். கதவை மூடும்போது பூட்டு மாட்டிக்கொள்ள வண்டியின் தூணில் இருக்கும் கொக்கியில் செருகும் கைப்பிடி ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள். முன் சீட்டுக்கு அதைப் போட்டால் இடது கைப் பக்கம்தான் வரும், எங்கள் அம்மாவுக்குப் பிரயோஜனம் இல்லை.

சரி, எந்த வண்டி? ஈக்கோஸ்போர்ட்டை ஓட்டிப் பார்த்தால் விட மனசு வராது, ஸ்டீயரிங் அவ்வளவு சுகம். ஆனால் அதன் டிக்கி கதவு பீரோ கதவு மாதிரிப் பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னியும் அதிலேயே தொங்கும், பின்னால் சுவரோ இன்னொரு காரோ நெருங்கி நின்றால் வீல்சேரை வெளியே எடுக்க முடியாது. அதைச் செய்த ஃபோர்டு கம்பெனி இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்ததையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2015-ல் வந்த முதல் கிரெட்டாவின் டீசல் ஆட்டோமேட்டிக் எல்லா விதத்திலும் பொருத்தம், பழசாகியும் விலை இறங்க மாட்டேன் என்கிறது, அது ஒன்றுதான் குறை. ஏஎம்டி வண்டிகளை (சாதாரண கியர்பாக்ஸையே இயந்திரம் தானாக மாற்றும் வகை) நாங்கள் ஒதுக்கிவிட்டோம்; ஒவ்வொரு கியருக்கும் ஒரு தலையாட்டல் ஆட்டும், உடம்பைத் தானாக நிமிர்த்தி வைத்துக்கொள்ள முடியாதவருக்கு அது பெரிய அவஸ்தை. உயரமான மூன்று கதவு மஹிந்திரா தார் பற்றிக் கேட்டு ஒரு நண்பர் போன் செய்தார், பேச்சை மாற்றிவிட்டேன்.

எங்களுக்கு அமைந்தது டஸ்ட்டர், 85 குதிரைத்திறன் டீசல். 110 வாங்கச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள், ஆனால் அதில் டர்போ (இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் கருவி) விழித்துக்கொள்ள நேரமாகும், கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திரும்பி இழுக்கும்போது 85தான் இணக்கம். டிக்கி 475 லிட்டர், வீல்சேரை மடித்துப் போட்டால் கேள்வியே இல்லை. குண்டு குழியில் அம்மாவைத் தூக்கிப் போடுவதில்லை. இன்ஜினின் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள், பில் இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குட்டிக் குட்டி ஓட்டமே ஓட்டினால் புகைக் குழாயில் உள்ள வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அப்புறம், ரெக்சின் சீட் கவர் இருந்தால் உடம்பு திரும்ப எளிது. துணி சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டால் அதே வேலை நடக்கும், ஆனால் திரும்பி உட்கார்ந்ததும் அதை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் பிரேக் அடிக்கும்போது பெல்ட்டுக்கு அடியில் ஆள் வழுக்கிவிடுவார்.

வெளிப்பக்கம் திரும்பும் சீட்டும் இங்கே கிடைக்கிறது. சீட்டிலேயே ஏர்பேக் இருக்கும் வண்டியில் அதை மாட்டும் முன் விசாரியுங்கள், ஆர்டிஓவிடமும் முறைப்படி தெரிவித்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தந்த ஜிஎஸ்டி சலுகை புது வண்டிக்கு மட்டும்தான் இருந்தது, பழைய வண்டிக்காரருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் பழைய கார் விற்கும் ஒரு யார்டில் போய்ச் சரிபார்க்கலாம் என்றால், அம்மாவை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னதுமே, முதலில் அட்வான்ஸ் போடுங்கள் என்றார்கள் ஓரிடத்தில். ஓட்டிப் பார்க்க மட்டும் சாவியை உடனே நீட்டினார்கள்! ஓட்டுகிறவனுக்கு உள்ள உரிமை உட்காருகிறவருக்கு இல்லையா?

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். இனி எந்த வண்டியைப் பற்றி எழுதினாலும், பழையதோ புதியதோ, முன் சீட்டின் ஓரம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், கதவு திறந்தால் கால் நுழைய எவ்வளவு இடம், டிக்கியின் விளிம்பு எவ்வளவு உயரம், இந்த மூன்றையும் மைலேஜுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். கம்பெனிக்காரர்கள் இதைத் தருவதில்லை, உங்கள் நிருபர்தான் டேப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஐந்து நிமிஷ வேலை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி